மலையடிக் கோவிலில் நான் சொன்னதும் நீ சொன்னதும்

சேகர்,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன். பக்கத்து வீட்டு டோ சீனின் கூடத்தில், அவளும் அவள் மருமகளும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது உனக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர்களுக்குத்தான் தமிழ் புரியாதே என்பாய். முகம் புரியுமே. அதனால் எழுதுகிறேன். பர்மிய மொழியில் எழுதினால் நீ சரசரவென்று படித்துவிட்டுச் சட்டைப்பையில் செருகிவிடுவாய். தமிழில் எழுதினால்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பாய். ஞாயிறு தவறாமல் கோவில் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது எதற்காவது உதவட்டும். மெதுவாகவே படி.

நீ கேட்டது இதுதான். கல்யாணம் முடிந்ததிலிருந்து உன் மாமனார் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. பர்மா சண்டையில் செத்த ஜப்பான்காரர்களின் குடும்பத்தார் வருடா வருடம் கூடுவார்களாமே, அதற்கும் இந்த முறை போகவில்லை. உன் பெண்டாட்டி யூமி கவலைப்படுகிறாள். இதற்கெல்லாம் காரணம் அன்றைக்குக் கோவிலில் நான் பேசியதுதான். ஆகையால் நான் அவருக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும், அதை நீ ஜப்பான் மொழியில் அழகாக மாற்றிச் சொல்லிவிடுவாய். அழகாக மாற்றி என்று நீ சொன்ன இடத்தில்தான் நான் ஃபோனை வைத்தேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதோடு மடித்து வைத்துவிடாதே. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதி நடந்தபோது நீ அங்கே இல்லை, கோபித்துக்கொண்டு மலையேறப் போய்விட்டாய்.

உன்னை நினைத்தால் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. நல்ல பிள்ளைதான் நீ, யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எதிரே இருப்பவர் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக எந்தப் பேச்சையும் வளைத்துவிடுவாய். பர்மாக்காரர்கள் ஆனாடே என்பார்களே, பிறர் மனம் நோகுமே என்று வாயை அடக்கிக்கொள்வது, அது ஓரளவு எல்லாருக்கும் வேண்டியதுதான். உனக்கு அது அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. உன் அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? எண்பத்தெட்டில் காலேஜை எல்லாம் மூடிவிட்டார்கள், நீ வேலையில்லாமல் வீட்டில் கிடந்தாய். ரங்கூனில், தாகேதாவில் ஒரே கூரையின் கீழ் முன்பக்கம் நாம், பின்பக்கம் சித்தப்பா. தீமிதித் திருவிழாவில் கரகத்தை யார் எடுப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள் வந்த தகராறு, கடைசியில் சமையலறைச் சுவர் வரைக்கும் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் நீதான் தூது.

உன் அப்பா ஒருநாள் சொன்னார், அவன் மன்னிப்புக் கேட்காமல் என் வாசலை மிதிக்கக் கூடாது, போய்ச் சொல் என்று. நீ பின்பக்கம் போய் என்ன சொன்னாய்? அப்பா உங்களை வாசலுக்கு வரச் சொல்கிறார், பேச வேண்டுமாம் என்றாய். பாவம் அந்த மனிதர் நம்பினார். குளித்து, விபூதி பூசி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றார். உன் அப்பா தன்னைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த மாதமே சித்தப்பா குடும்பத்தோடு த்வாண்டே ஊருக்குப் போய்விட்டார். பிறகு உன் அப்பா செத்த அன்றுதான் வந்தார். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "அன்னிக்கு அண்ணன் என்னையக் கூப்டாரா இல்லையா அண்ணி?" அன்று நீ ஜப்பானில் இருந்தாய், இந்தக் கேள்வி உன் காதில் விழவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். உன் அப்பாவும் மூர்க்கர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதை அப்படியே நீ சொல்லியிருந்தால் சித்தப்பா நாலு நாள் திட்டிவிட்டு ஐந்தாம் நாள் முன்பக்கம் வந்திருப்பார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும்.

ஜப்பானுக்குப் போன பிறகும் அதே கதைதான். ஆபீஸ் வேலை என்று சொன்னாய். உன்னோடு ஒரே ஓட்டலில் பாத்திரம் கழுவிய பையனின் அம்மா சந்தையில் என்னிடம் சொல்லி, நான் அசடு வழிய நின்றேன். பாத்திரம் கழுவுவதில் எனக்கு என்ன வெட்கம்? நானும் கழுவித்தான் உன்னை வளர்த்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கைக்குத் தடவிக்கொள்ள எண்ணெயாவது அனுப்பியிருப்பேன்.

போகட்டும். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டது உன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நீ இங்கே வர முடியாத காரணம் உனக்கும் எனக்கும் தெரியும், கடிதத்தில் அதெல்லாம் எழுத வேண்டாம். பாஸ்போர்ட்டுக்காக கியாக்டடா ஆபீசுக்கு நான் நடந்த நடை, அங்கே வரிசையில் நின்று மயக்கம் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தது, முதல் தடவையாக விமானம் ஏறியது எல்லாம் சந்தோஷத்தோடுதான். ஆனால் ஜப்பான் என்ற பெயர் எனக்கு எப்படிக் காதில் விழும் என்று உனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் போவதற்கு முன்பே கேட்டேன், பெண் வீட்டாருக்கு என் அப்பாவைப் பற்றித் தெரியுமா என்று. "எல்லாம் சொல்லியாச்சும்மா, நீ கவலப்படாதே" என்றாய். எல்லாம் என்றால் எது?

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஒரு கோவிலுக்குப் போகலாம் என்றாய். சரி, மங்கள காரியத்துக்கு முன்னால் சாமி கும்பிடுவது நம் வழக்கமும்தான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். காரில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மெல்லச் சொல்கிறாய், அது மலை யாத்திரை தொடங்குகிற இடம், பழங்காலத்தில் ராஜாக்கள் எல்லாம் அங்கே ஆற்றில் குளித்துவிட்டு மலையேறப் போவார்கள், நாமும் கொஞ்ச தூரம் ஏறலாம் என்று. முட்டி வலிக்காரியைப் பட்டுப்புடவையில் மலையேறக் கூப்பிடுகிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். வண்டியின் பின்பக்கத்தில் எனக்கென்று கயிறு கட்டுகிற ஷூ வேறு வாங்கி ஒளித்து வைத்திருந்தாய். முன்பே சொன்னால் வரமாட்டேன் என்று சொல்வேனாம்.

அந்தக் கோவிலின் பெயரை நீ எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தாய், என் நாக்கில் நிற்கவில்லை. அங்கே போய் இறங்கியபோது எனக்கு ஏமாற்றம்தான். தங்கப் பாறைப் பகோடா இருக்கிற சைத்தியோ மலையடிவாரத்தைப் பார்த்துப் பழகிய கண் இது. மூங்கில் கம்பு விற்பவர்கள், பாட்டு, மீன் குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்காக் கடை, லாரியில் நெருக்கியடித்து ஏறும் ஜனம், அதெல்லாம் இருந்தால்தான் யாத்திரை என்று எனக்குத் தோன்றும். இங்கே இரண்டு ஆறு கூடும் இடத்தில், ஆகாயம் தெரியாமல் வளர்ந்த மரங்களுக்கு நடுவில், ஒரு கல் வாசல், அதற்குப் பின்னால் மரத்தால் கட்டிய ஒரு சின்னக் கோவில். நம் ஊர் நாட் சாமிக்கு ஆலமரத்தடியில் வைப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரியது. வைக்கோல் கயிற்றில் வெள்ளைக் காகிதங்கள் தொங்கின. சாமி எங்கே என்று கேட்டேன். உள்ளேதான், பார்க்க முடியாது என்றாய். கற்பூரம் இல்லை, பூ இல்லை, பிரசாதம் இல்லை. கோவிலுக்குப் பின்னாலேயே மலைப்பாதை தொடங்கியது. பாதை என்ன பாதை, வேரும் கல்லுமாகச் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆனாலும் அந்த இடம் சுத்தமாக இருந்தது. ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நின்ற கொஞ்ச நேரத்திலேயே என் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உன் மாமனார் நமக்கு முன்பே வந்து காத்திருந்தார். பிளம் தோட்டம் வைத்திருக்கிற மனிதர், வெயிலில் கறுத்து நம் ஊர்க்காரர் மாதிரியேதான் இருந்தார், எனக்குப் பிடித்தது. சம்பந்தி என்று கைகூப்பினேன். அவர் இடுப்பு வரைக்கும் குனிந்தார். அகப்பையில் தண்ணீர் மொண்டு முதலில் இடது கையையும் பிறகு வலது கையையும் கழுவுவது எப்படி என்று அவரே எனக்குச் செய்து காட்டினார். பிறகு யூமியும் சேர்ந்து நால்வரும் கோவில் முன்னால் நின்றோம். அவர் ஏதோ பேச ஆரம்பித்தார், நீ சொல்லிக்கொண்டே வந்தாய். அவருடைய அண்ணன் சண்டையில் பர்மாவுக்கு வந்தவர். சிட்டாங் ஆற்றைக் கடக்கும்போது அடித்துக்கொண்டு போய்விட்டது. எலும்பு கூடக் கிடைக்கவில்லை. சண்டைக்குப் புறப்படுவதற்கு முன் தம்பியைக் கூட்டிக்கொண்டு இதே கோவிலுக்கு வந்து, திரும்பி வந்ததும் இரண்டு பேரும் மலை முழுக்க நடப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பர்மாவிலிருந்து ஒரு சம்பந்தி வந்தது அண்ணனே அனுப்பி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். அதுவரைக்கும் எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. சிட்டாங் ஆறு எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகுதான் கேட்டார், உங்கள் ஜனங்கள் எங்கள் வீரர்களுக்குச் சோறு போட்டார்களாமே, அன்பாக இருந்தார்களாமே, உங்கள் வீட்டில் அந்த நாட்களைப் பற்றி ஏதாவது சொல்வார்களா என்று.

கேட்டது அவர். நானாக எடுத்த பேச்சு இல்லை. அதை நீ வசதியாக மறந்துவிடுகிறாய். என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தாய்? சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்வதா? நான் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். எங்கப்பா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், உங்கள் பட்டாளம் வந்து சயாம் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் வேலைதான் என்று சொல்லி வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவர விட்டார்கள். அம்மா நல்ல லுங்கியை எடுத்து வைத்தாள். அங்கே அழுக்காகிவிடும், வந்து கட்டிக்கொள்கிறேன் என்று அதை வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு பிறந்த என் தம்பிக்கு அந்த லுங்கியில்தான் தொட்டில் கட்டினோம். இவ்வளவும் சொன்னேன். இதில் ஒரு வார்த்தை அதிகமா?

நீ அவரிடம் திரும்பி ஒரே மூச்சில் ஏதோ சொன்னாய். நான் சொன்னதில் கால்வாசி நீளம் கூட இல்லை. அவர் புன்சிரிப்போடு எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.  ஒரு மனுஷி தன் அப்பன் செத்த கதையைச் சொல்கிறாள், கேட்டவர் சிரிக்கிறார். என்ன சொன்னார் என்று உன்னைக் கேட்டேன்.

"ரொம்ப நன்றின்னு சொல்றார்மா."

"எதுக்கு நன்றி?"

"அப்பறம் பேசிக்கலாம்மா. கல்யாணம் முடியட்டும்."

"நீ என்னா சொன்னே அவருகிட்ட?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "தாத்தா ரயில் வேலையில ஜப்பான்காரங்களோட சேந்து வேல பாத்தாருன்னு சொன்னேன். அதுல பொய் என்னம்மா இருக்கு?"

சேகர், நீ எனக்குப் பிறந்த பிள்ளை. அந்த வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முகத்தில் துப்பியிருப்பேன். அதில் பொய் இல்லைதான். கசாப்புக் கடையில் ஆடும் கடைக்காரனும் சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்பதிலும் பொய் இல்லை. உன்னை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானே அவரிடம் சொன்னேன். "மை ஃபாதர். ஜப்பான் சோல்ஜர் டேக். ரயில்வே. நோ கம் பேக்." அவருக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோய், பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. நீ பர்மிய மொழியில் போதும் நிறுத்து என்றாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் வராது. பிறகு யூமியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மலைப்பாதையில் ஏறிப் போய்விட்டாய். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பாஷை தெரியாத இரண்டு கிழங்களை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவளுக்காவது தோன்றியது.

இனிமேல் நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

 எனக்குக் கால் வலித்தது, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். அவர் ரோட்டுப் பக்கம் நடந்தார், போய்விட்டார் என்றே நினைத்தேன். ரோட்டோரத்தில் இருந்த மெஷினிலிருந்து இரண்டு டப்பா டீ வாங்கிக்கொண்டு வந்தார். அதை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருந்தது. குடித்தேன். அவர் குடிக்கவில்லை, டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஃபாதர் நேம் என்று கேட்டார்.

பழனியாண்டி என்றேன். அவர் பரனியாந்தி என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் பரனி என்றே வந்தது. நம் தெருவிலேயே பாதிப் பேர் பளனி என்றுதான் சொல்கிறார்கள், நீயும் அப்படித்தான், அதற்கெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் அன்றைக்கு விட மனம் வரவில்லை. என் அப்பாவின் பெயரை ஒரு ஜப்பான்காரர் சொல்வதாக இருந்தால் சரியாகச் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. வாயைத் திறந்து, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டினேன். ஒரு சம்பந்தி இன்னொரு சம்பந்திக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிற லட்சணத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் வந்தது. சுத்தமான ழகரம், கோவில் பள்ளிக்கூட வாத்தியார் கேட்டால் மகிழ்ந்துபோவார். நான் தலையசைத்தேன்.

அவர் எழுந்தார். மறுபடியும் கையையும் வாயையும் கழுவினார். கோவில் முன்னால் போய் நின்று குனிந்தார், கை தட்டினார். பிறகு உரக்கவே சொன்னார், முதலில் அவர் அண்ணன் பெயர், அதன் பிறகு பழனியாண்டி. ஒரு தடவை இல்லை, பல தடவை. நான் கல்லில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மா சாகும்வரைக்கும் அப்பாவுக்குத் திதி கொடுக்கவில்லை, எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாததால். ஒரு கோவிலில் நின்று அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவையாக அங்கேதான் கேட்டேன், அதுவும் யார் வாயால் என்று நினைத்துப் பார். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையை நீட்டி, வாருங்கள் என்பது போலக் காட்டினார். தன் அண்ணன் பெயரை மெதுவாக, எனக்குப் புரியும்படி உடைத்து உடைத்துச் சொன்னார். நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது.

நான் போகவில்லை. என் வாய் திறக்கவில்லை. அந்த அண்ணனுக்கு வயது இருபதுக்கு மேல் இருந்திருக்காது, அவனும் யாரோ பிடித்து அனுப்பி வந்தவன்தான், அதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு என் மனதில் ஓடியது வேறு. எங்கப்பாவைக் கூட்டிப்போக எங்கள் வாசலில் வந்து நின்றவனும் இந்த வயதுப் பையன்தான். முகம் ஞாபகம் இல்லை, கால்பட்டி சுற்றிய கால்தான் ஞாபகம் இருக்கிறது. அது இவனாகவே இருந்தால்? நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் எனக்கு ஒருமுறை ஆழமாகக் குனிந்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வற்புறுத்தவில்லை. முகமும் சுருங்கவில்லை. நீங்கள் இறங்கி வரும்வரைக்கும் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ வந்ததும் அவர் உன்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "களப்பா இருக்காம், வீட்டுக்குப் போலாங்கிறார்" என்றாய். அவ்வளவு நீளமாக யாரும் களைப்பைச் சொல்ல மாட்டார்கள். உண்மையில் என்ன சொன்னார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாள் கல்யாணத்தில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், என் தட்டில் இருந்த மீனை முள் எடுத்துக் கொடுத்தார். நீ அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று யூமியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாய். விமான நிலையத்துக்கும் வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை எதுவும் இல்லை. நீதான் சண்டை என்று நினைத்துக்கொண்டு சமாதானம் செய்ய அலைகிறாய்.

அவர் பேசாமல் இருக்கிறார் என்கிறாய். யோசிக்கிற மனிதர் பேசாமல்தான் இருப்பார். தன் அண்ணனைப் பற்றி ஐம்பது அறுபது வருடமாக ஒரு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார், இப்போது இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போய் வழக்கமான பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அது நோய் இல்லை, நீ அதற்கு மருந்து தேடாதே. மன்னிப்பு என்று நான் ஒன்று அனுப்பினால், அப்படியானால் அவள் சொன்னது அவ்வளவு பெரிய விஷயம் இல்லைபோல என்று அவர் நினைத்துவிடுவார். அந்த ழகரத்துக்கு வேர்த்த மனிதரை நான் அப்படி அவமதிக்க மாட்டேன்.

உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். யூமிக்கும் எனக்கும் நடுவில் நீ இந்த வேலையைச் செய்யாதே. அங்கே இருந்தபோது என் சமையலை அவள் வாயில் வைக்க முடியாமல் தவித்தது எனக்குத் தெரியாதா? ரொம்ப ருசி என்கிறாள் அம்மா என்று நீ சொல்ல, அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்கு நான் இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். காரம் தாங்கவில்லை என்று சொல்லியிருந்தால் தயிரைக் கலந்து கொடுத்திருப்பேன். அவள் உன்மேல் கோபப்பட்டால் கோபப்படட்டும், சிரிக்க வைக்க ஓடாதே, எதற்குக் கோபம் என்று முழுதாகக் கேள். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு வருத்தம் இருக்கும். அதையெல்லாம் ஒருவன் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் யாருக்கும் யாரையும் தெரியாமல் போய்விடும். உன் அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் போனார்கள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்தினாலும் பரவாயில்லை.

இப்போது நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்த அண்ணனின் பெயரை அன்று கேட்டதோடு சரி, விமானத்தில் ஏறுவதற்குள் மறந்துவிட்டேன். ஏதோ ஷி என்று முடியும். நேராக உன் மாமனாரிடம் போய், என் அம்மா உங்கள் அண்ணன் பெயரைக் கேட்கிறாள் என்று கேள். காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி அப்படியே சொல். நான் அன்று வாய் திறக்காமல் உட்கார்ந்ததையும் விடாமல் சொல். பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, குறில் எது, நெடில் எது என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுது. தப்பாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மழை விட்டதும் சைத்தியோ போகிற பஸ்ஸில் ஏறிச் சிட்டாங் பக்கம் போவதாக இருக்கிறேன். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், காவல் இருக்கிறது. இந்தக் கரையில் டீக்கடைகளுக்குப் பக்கத்தில் நிற்கும், அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போக வழி உண்டு. டோ சீனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பையன் பெயரைத் தண்ணீர் அருகே நின்று ஒரு தடவை சொல்லிவிட்டு, எதிரே வரும் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஒரே ஒரு தடவைதான். அதற்கு மேல் என்னால் முடியாது. அதையும் அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்.

அம்மா